சவுத்டேல் மால்: 1956 முதல் வந்துபோன கடைகள் (நினைவிருப்பவர்கள் எழுதுங்கள்)

#1 ஏரிக்கரை

போன சனிக்கிழமை, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸை ஒட்டிய ஈடைனா பக்கம் ஒரு வேலை இருந்தது. முடிந்ததும் சவுத்டேலுக்குள் நுழைந்தேன். பல வருடங்களாகப் போகவில்லை. ஜேசி பென்னி இருந்த மூலையில் இப்போது லைஃப் டைம் உடற்பயிற்சி நிலையம் நிற்கிறது. என் அப்பாவுக்கு முதல் தெர்மல் உள்ளாடை வாங்கியது அந்தப் பழைய கடையில்தான். கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1998 நவம்பரில் கும்பகோணத்திலிருந்து முதல்முறையாக மினியாபொலிஸ் வந்தார். காலையில் ஒரு மணி நேரம் நடக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வெளியே மைனஸ் 15. நான் வேலைக்குப் போகும் வழியில் அவரைச் சவுத்டேலில் இறக்கிவிடுவேன். கடை திறப்பதற்கு முன்பே உள்ளே நடக்க விடுவார்கள். வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிகள் கூட்டமாக நடப்பார்கள். ஒரு மாதத்தில் அப்பா அவர்களுக்கெல்லாம் தெரிந்த முகமாகிவிட்டார். எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை என்று வரிசையாக ஒப்பிப்பார்.

2003இல் மறுபடி வந்தார். முதல் நாளே, “டேட்டன்ஸ் எங்கடா போச்சு?” என்றார். அதே கட்டடம், பலகையில் மட்டும் மார்ஷல் ஃபீல்ட்ஸ். 2007இல் கடைசியாக வந்தபோது அங்கே மேசிஸ். எதிர்க்கோடியில் இருந்த மெர்வின்ஸ் காலியாகக் கிடந்தது. மூன்று முறை வந்தவருக்கு ஒரே கடை மூன்று பெயரில்.

இந்த இடத்தின் கதையை ஓரளவு முழுமையாக எழுதிவைக்க ஆசை. தெரிந்தவர்கள் சேர்ந்து சொல்லுங்கள்.

#2 செங்கல்

நல்ல இழை, ஐயா. கட்டடக்கலை படித்தவன் என்ற முறையில் தொடக்கக் கதையை நான் சொல்கிறேன்.

1956 அக்டோபர் 8 அன்று திறந்தார்கள். வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன். வியன்னாவில் 1903இல் பிறந்த யூதர், 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். பணம் போட்டவர்கள் மினியாபொலிஸின் பெரிய துணிக்கடைக் குடும்பமான டேட்டன்கள். செலவு 2 கோடி டாலர். 72 கடைகள். கார் நிறுத்த 5,200 இடங்கள்.

க்ரூயன் செய்த முக்கியமான காரியம், கூரை போட்டது. அதற்கு முன் அவரே டெட்ராய்ட் அருகில் 1954இல் நார்த்லேண்ட் மையத்தைக் கட்டியிருந்தார். அது திறந்தவெளி. மினசோட்டாவில் அது எடுபடாது. வருடத்தில் கடைக்குப் போக ஏற்ற நாட்கள் 126தான் என்று அன்று கணக்குச் சொன்னார்கள். ஆகவே எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்து, வருடம் முழுக்க 75 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 24 டிகிரி இருக்கும்படி செய்தார். நடுவில் கார்டன் கோர்ட் என்ற பெரிய முற்றம்: செடிகள், மீன் தொட்டி, உயரமான பறவைக் கூண்டு, சிற்றுண்டி மேசைகள், சிற்பி ஹாரி பெர்டோயா செய்த தங்க நிற உலோக மரங்கள். வெளியே பனி கொட்டும்போது உள்ளே பறவை கத்துவது அன்றைய மக்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரண்டு மாடி என்றால் மேல் மாடிக்கு ஆள் போகமாட்டார்கள் என்று வியாபாரிகளுக்குப் பயம். க்ரூயன் கார் நிறுத்தத்தைச் சரிவாக அமைத்தார். ஒரு பக்கம் நிறுத்தினால் நேராகக் கீழ்த்தளம், இன்னொரு பக்கம் நிறுத்தினால் நேராக மேல்தளம். ஏறுகிறோம் என்ற எண்ணமே வராது. எனக்கு அந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

#3 வைகை

“உலகின் முதல் மூடிய மால்” என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அது சரியா? விஸ்கான்சினில் ஆப்பிள்டன் பக்கம் வேலி ஃபேர் என்று ஒன்று 1955லேயே திறந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதைத்தான் முதல் என்பார்கள். இத்தாலியில் மிலான் நகரக் கண்ணாடிக் கூரை அங்காடி 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எதற்கு இந்த ‘முதல்’?

#4 செங்கல்

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அக்கா. க்ரூயனுக்கே மிலான் அங்காடிதான் மனதில் இருந்தது. இப்படி வைத்துக்கொள்ளலாம்: புறநகரில், கார்களுக்காக, இரண்டு பெரிய கடைகளை இரு கோடியிலும் வைத்து, நடுவில் சிறு கடைகளை நிரப்பி, முழுவதையும் ஒரே வெப்பநிலையில் வைத்த பெரிய மால் என்றால் அதன் அச்சு சவுத்டேல்தான். பின்னால் உலகம் முழுக்க நகலெடுத்தது இந்த அச்சை. முதல் என்ற பட்டத்தைவிட அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அன்றைக்கே எல்லாரும் பாராட்டிவிடவில்லை. திறந்த அடுத்த மாதம் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வந்து பார்த்துவிட்டு, கிராமத் தெருவின் கெடுதல்கள் எல்லாம் இந்த முற்றத்தில் இருக்கின்றன, அதன் அழகு ஒன்றுமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார்.

#5 சரக்கறை

நான் இருபது வருடம் கடைத் தொழிலில், கொள்முதல் பக்கம் இருந்தவன். பெயர் மாறிய வரிசையை என்னால் சொல்ல முடியும்.

மால் திறந்தபோது இரண்டு ஆங்கர் கடைகள்: டேட்டன்ஸ், டொனால்ட்சன்ஸ். ஆங்கர் என்றால் நங்கூரம். கூட்டத்தை இழுத்து நிறுத்தும் பெரிய கடை. டேட்டன் தன் சொந்த மாலில் நேர்ப் போட்டியாளரான டொனால்ட்சனை ஏன் கூப்பிட்டார் என்று கேட்கலாம். இரண்டு பெரிய கடைகள் எதிரெதிரே இருந்தால்தான் ஜனங்கள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பார்கள். அந்த நடையில்தான் நடுவிலுள்ள செருப்புக்கடைக்கும் நகைக்கடைக்கும் வியாபாரம். அதனால் ஆங்கர்களுக்குச் சதுர அடி வாடகை மிகக் குறைவாக இருக்கும், சில இடங்களில் கட்டடமே அவர்களுடையது. உண்மையில் மாலுக்கு வாடகை கட்டுவது சின்னக் கடைக்காரர்கள்.

சரி, வரிசைக்கு வருகிறேன். 1972இல் ஜேசி பென்னி மூன்றாவது ஆங்கராக வந்தது. டொனால்ட்சன்ஸ் 1987இல் சிகாகோவின் கார்சன் பைரி ஸ்காட் ஆனது. 1995இல் அது மினியாபொலிஸை விட்டுப் போனபோது அதன் கடைகளை டேட்டன்ஸின் தாய் நிறுவனமான டேட்டன் ஹட்சன் வாங்கியது. சவுத்டேல் கடை மெர்வின்ஸ் ஆனது. 2004இல் மெர்வின்ஸ் மூடியது. ஏழு வருடம் காலி. 2011இல் ஹெர்பெர்கர்ஸ் வந்தது. அதன் தாய் நிறுவனம் பான்-டன் 2018இல் திவாலாகி எல்லாக் கடைகளையும் இழுத்து மூடியது.

டேட்டன்ஸ் தனிக் கதை. டேட்டன் ஹட்சன் 1990இல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸை வாங்கியது, அப்போதே பெயரும் மாறிவிட்டது. 2004இல் அதை மே என்ற கடை நிறுவனத்துக்கு விற்றார்கள், மே நிறுவனத்தை 2005இல் மேசிஸ் கடைகளின் முதலாளியான ஃபெடரேட்டட் வாங்கியது, 2006இல் எல்லாப் பலகையிலும் மேசிஸ்.

#6 ஏரிக்கரை

நன்றி, சரக்கறை ஐயா. ஒரு திருத்தம். 1990இல் வாங்கினார்கள், ஆனால் பெயரை அப்போது மாற்றவில்லை. 1998இல் அப்பாவுக்கு அங்கே வாங்கிய கம்பளிக் கோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கழுத்துப் பட்டியில் டேட்டன்ஸ் என்றுதான் இருக்கிறது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.

#7 சரக்கறை

நீங்கள் சொல்வதே சரி, என் பிழை. பெயர் மாறியது 2001இல். வாங்கிய நிறுவனம் வாங்கப்பட்ட கடையின் பெயரைத் தன் சொந்த ஊரிலேயே மாட்டியது. சிகாகோ பெயருக்கு நாடு முழுக்க மதிப்பு அதிகம் என்று நினைத்தார்கள். மினியாபொலிஸ்காரர்கள் பலருக்கு அது ஆறவில்லை. இன்றைக்கும் வயதானவர்கள் “டேட்டன்ஸ்” என்றுதான் சொல்வார்கள், கவனித்திருப்பீர்கள்.

இன்னொன்று. இதே டேட்டன் நிறுவனம் 1962இல் ரோஸ்வில்லில் ஒரு மலிவுவிலைக் கடை திறந்தது. அதுதான் டார்கெட். குட்டி வளர்ந்து தாயைவிடப் பெரிதாகி, 2000இல் நிறுவனத்தின் பெயரே டார்கெட் ஆனது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் மினியாபொலிஸ் வந்ததே டார்கெட்டின் கணினிப் பிரிவு வேலைக்காக. அந்த வழியில் பார்த்தால் இந்த இழையில் இருக்கும் பாதிப் பேரின் சோறும் சவுத்டேலைக் கட்டிய குடும்பத்தின் கடையிலிருந்து தொடங்கியதுதான்.

#8 வைகை

1995க்குப் பிறகு டேட்டன்ஸும் மெர்வின்ஸும் ஒரே முதலாளி கையில் என்று ஆகிறதே? அப்படியானால் எதிரெதிர் கோடியில் போட்டியாளர்கள் என்ற அடிப்படையே போய்விட்டதே.

#9 சரக்கறை

ஆமாம். நல்ல இடத்தில் பிடித்தீர்கள். மெர்வின்ஸை 1978லேயே டேட்டன் ஹட்சன் வாங்கியிருந்தது. ஒரு கோடியில் விலை அதிகமான கடை, மறு கோடியில் நடுத்தர விலைக் கடை, இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில். இந்த ஏற்பாட்டுக்கு என்ன பலவீனம் என்றால், முதலாளி ஒரு கடையைக் கைவிட முடிவெடுக்கும்போது அந்த மாலின் நிலைமையைப் பார்க்கமாட்டார், தன் மொத்தக் கணக்கைப் பார்ப்பார். 2004இல் டார்கெட் நிறுவனம் மெர்வின்ஸை மொத்தமாக விற்றது, அதே வருடம் மினசோட்டாவில் அந்தப் பெயர் இல்லாமல் போனது. தொழிலில் இருந்தபோது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. எங்கோ ஒரு கூட்டத்தில் கையெழுத்தாகும், இங்கே ஒரு கோடி முழுக்க இருட்டாகும், அதற்குப் பக்கத்தில் இருந்த பொத்தான் கடைக்காரர் ஒன்றும் தெரியாமல் நிற்பார்.

#10 பனிச்சாலை

என் கருத்து எளிமையானது. 1992 ஆகஸ்டில் ப்ளூமிங்டனில் மால் ஆஃப் அமெரிக்கா திறந்தது. சவுத்டேலிலிருந்து காரில் பத்துப் பதினைந்து நிமிடம். அன்றே சவுத்டேலின் கதை முடிந்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் நாம் எங்கே கூட்டிப் போகிறோம்? அங்கேதானே. துணிக்கு மினசோட்டாவில் விற்பனை வரி கிடையாது என்பதால் பெட்டி பெட்டியாக வாங்குவதும் அங்கேதான்.

#11 சரக்கறை

அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள முடியாது, தம்பி. அடி விழுந்தது உண்மை. ஆனால் அதை எதிர்பார்த்தே டேட்டன்ஸ் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பக்கத்திலேயே புதுப் பெரிய கடை கட்டிக்கொண்டு போனது, பழைய டேட்டன்ஸ் இருந்த இடம் சின்னக் கடைகளானது. 2001இல் 16 திரைத் திரையரங்கு வந்தது. அடிபட்டாலும் எழுந்து நின்றது.

உண்மையில் விழுந்தது அதன் தங்கைதான். சவுத்டேல் வெற்றி கண்டதும் அதே பாணியில் வடக்கே புரூக்டேல் (1962), பிறகு ரோஸ்டேல் (1969), ரிட்ஜ்டேல் (1974) வந்தன. இவற்றில் புரூக்டேல் 2010இல் மூடப்பட்டு, பெரும்பகுதி இடிக்கப்பட்டது. மால் ஆஃப் அமெரிக்காவுக்கு மிக அருகில் இருந்தது சவுத்டேல், தூரத்தில் இருந்தது புரூக்டேல். அருகில் இருந்தது பிழைத்தது. ஆகவே போட்டி ஒன்று மட்டும் காரணம் ஆக முடியாது. சுற்றி வசிப்பவர்கள் கையில் இருக்கும் பணம், எந்த ஆங்கர் எப்போது போனது, போன இடம் எத்தனை வருடம் காலியாகக் கிடந்தது, இவை எல்லாம் சேரும்.

இன்னொரு பெரிய காரணம் வரிச் சட்டம். 1954இல் அமெரிக்க அரசு புதுக் கட்டடங்களுக்குத் தேய்மானத்தை முதல் சில வருடங்களிலேயே அதிகமாகக் கழித்துக்கொள்ள அனுமதித்தது. மால் கட்டினால் லாபம் வந்தாலும் காகிதத்தில் நஷ்டம் காட்டலாம். ஊருக்குத் தேவையா இல்லையா என்று பாராமல் எல்லாரும் கட்டத் தொடங்கியது அதனால்தான். தேவைக்கு மேல் கட்டினால் பின்னால் எது எது மூடும் என்பது தெரிந்த விஷயம்.

#12 பனிச்சாலை

புரூக்டேல் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. சரி, “முடிந்தது” என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தொண்ணூறுகளுக்குப் பிறகு அது ஊரின் நடு இடம் என்ற அந்தஸ்தை இழந்தது, அதை விடமாட்டேன்.

#13 செங்கல்

நடு இடம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இந்த இழையில் மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

க்ரூயன் மால் கட்ட வரவில்லை. ஊர் கட்ட வந்தார். டேட்டன்கள் வாங்கிப் போட்டிருந்தது 463 ஏக்கர். அவருடைய திட்டத்தில் நடுவில் கடைகள், சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், பள்ளி, மருத்துவ மையம், பூங்கா, ஏரி. காரை ஓரமாக விட்டுவிட்டு மனிதர்கள் காலால் நடக்கும் இடமாக இருக்க வேண்டும், வியன்னாவில் தான் வளர்ந்த தெருக்கள் போல. முற்றத்தில் சிம்ஃபனி இசைக்குழுவின் நடன விருந்துகூட நடந்திருக்கிறது. அந்த அளவுக்கு அது ஊரின் கூடமாக இருந்தது.

நடந்தது என்ன? மால் ஓஹோ என்று ஓடியதும் சுற்றியிருந்த நிலத்தின் விலை ஏறியது. ஏறிய நிலத்தைத் துண்டு துண்டாக விற்பதில் கிடைத்த லாபம், பூங்காவிலும் ஏரியிலும் கிடைக்காது. மருத்துவமனை மட்டும் 1965இல் பக்கத்தில் வந்தது. மற்றபடி நெடுஞ்சாலை, கார் நிறுத்தம், தனித்தனிக் கட்டடங்கள். நடந்து போகவே முடியாத இடமாக அது ஆனது. க்ரூயன் 1960களின் கடைசியில் வியன்னாவுக்குத் திரும்பிப் போனார். அங்கேயும் ஊருக்குத் தெற்கே ஒரு பெரிய மால் எழுந்து, பழைய கடைத்தெருக்களின் வியாபாரத்தை இழுப்பதைப் பார்த்தார். தன்னை மாலின் தந்தை என்பவர்களுக்கு 1978இல் பதில் சொன்னார்: அந்தப் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கட்ட மறுக்கிறேன் என்று. 1980இல் இறந்தார்.

இப்போது ஏரிக்கரை ஐயா பார்த்த காட்சிக்கு வாருங்கள். ஜேசி பென்னி 2017இல் மூடியது, இடித்து 2019 டிசம்பரில் லைஃப் டைம் வந்தது. கார் நிறுத்த இடத்தின் மூலையில் 2014இலிருந்து அடுக்குமாடி வீடுகள். அறுபது வருடம் கழித்து, கடைகள் போன பிறகு, க்ரூயன் கேட்ட வீடுகள் வருகின்றன. எனக்கு அதில் சந்தோஷமும் இருக்கிறது, தாங்க முடியாத வருத்தமும் இருக்கிறது.

#14 வைகை

செங்கல், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஒன்றைச் சேர்க்க அனுமதியுங்கள். “ஊர்” என்றால் யாருடைய ஊர்? ஈடைனாவில் 1924இல் தொடங்கிய கன்ட்ரி கிளப் குடியிருப்பின் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். 1956இல் அந்த முற்றத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே நிறத்தவர்கள். டவுன்டவுன் கடைத்தெருவில் எல்லாரும் பஸ்ஸில் வந்து இறங்க முடியும். காரில் மட்டுமே வர முடிகிற இடத்துக்குக் கார் இல்லாதவர் எப்படி வருவார்? கடைத்தெருவுக்குக் கூரை போட்டபோது, யார் உள்ளே, யார் வெளியே என்பதும் சேர்ந்து முடிவானது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏரிக்கரையின் அப்பா, வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டு (அப்படித்தான் என் மனதில் படம் வருகிறது) அந்த முற்றத்தில் தாத்தா பாட்டிகளோடு நடந்தது எனக்கு இதனாலேயே பெரிதாகத் தெரிகிறது. எழுபது வருடத்தில் அந்த இடத்தில் மாறியது கடைப் பலகைகள் மட்டும் இல்லை.

#15 ஏரிக்கரை

வேட்டி இல்லை, வைகை. பேன்ட்தான், ஆனால் தலையில் எப்போதும் பச்சை மஃப்ளர். அவரோடு நடந்த ஒரு பாட்டி, திறப்பு நாளன்று தன் அம்மாவோடு அங்கே வந்தவர். மேலே பறவைக் கூண்டு எங்கே இருந்தது என்று அப்பாவுக்குக் கைகாட்டிச் சொல்லியிருக்கிறார். அப்பா எனக்குச் சொன்னார். நான் அன்றைக்கு அவசரத்தில் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது எந்தத் தூண் பக்கம் என்று தெரியவில்லை. அது எனக்கு உறுத்துகிறது.

புத்தகப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. பி. டால்டன் என்ற புத்தகக்கடை நினைவிருக்கிறதா? ஒரு காலத்தில் அமெரிக்காவில் மாலுக்கு மால் இருந்தது. அதன் முதல் கடை 1966இல் சவுத்டேலில் திறந்ததுதான். அதுவும் டேட்டன்களின் யோசனை. பெயரில் உள்ள டால்டன் என்பது டேட்டனைக் கொஞ்சம் மாற்றி வைத்தது. பிறகு பார்ன்ஸ் அண்ட் நோபல் வாங்கி, 2010 வாக்கில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மூடியது.

#16 புதுவரவு

வணக்கம். நான் ஈடைனாவுக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. டிசம்பரில் அம்மாவும் அப்பாவும் திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, தினமும் நடக்க வேண்டும். சவுத்டேலில் நடக்கலாமா? எந்தப் பக்கம் நிறுத்துவது, எங்கிருந்து தொடங்குவது?

#17 ஏரிக்கரை

தாராளமாகக் கூட்டிப் போங்கள். கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். செங்கல் சொன்னதுபோல் நிறுத்தும் பக்கத்தைப் பொறுத்து கீழ்த்தளமோ மேல்தளமோ வரும். கீழ்த்தளம் வரும் பக்கமாக நிறுத்துங்கள், வயதானவர்களுக்கு முற்றம் நேராகக் கண்ணில் படும். கனமான கோட்டைக் காரிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். உள்ளே இரண்டு சுற்றுக்கு மேல் வியர்க்கும்.

முற்றத்தில் பெர்டோயாவின் தங்க மரங்கள் இரண்டும் நிற்கின்றன. அங்கிருந்து தொடங்கினால் சுற்று எண்ண வசதியாக இருக்கும். என் அப்பா அங்கிருந்துதான் தொடங்குவார். உங்கள் அப்பாவுக்கு முதல் நாள் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், தம்பி. சனிக்கிழமை காலைகளில் நானும் வருகிறேன்.